நான்காவது அட்டை

பிள்ளைகளே, நேற்று புத்தகக் கடையில் ஒரே படக்கதைக்காக நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டையில் கடைக்காரரே எழுந்து வந்துவிட்டார். பெரியவனுக்கு டிராகன் போட்ட அட்டை வேண்டும். சின்னவளுக்குக் கோட்டை போட்ட அட்டை வேண்டும். "உள்ள ரெண்டும் ஒண்ணுதாம்மா" என்றார் அவர். உடனே சின்னவள் என் பக்கம் திரும்பி, "அப்போ எதுக்குப்பா ரெண்டு அட்டை?" என்று கேட்டாள். பஸ் வருகிறது என்று சொல்லி நான் தப்பித்தேன். பஸ் ஒன்றும் வரவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை, அவ்வளவுதான். உங்கள் வயதில் இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு நான் குழம்பின கதையை மட்டும் எழுதிவைக்கிறேன்.

நீங்கள் வாலாஜாபாத் ஆயா என்று கூப்பிடுகிறீர்களே, அவர் என் அப்பாவின் தங்கை. எனக்கு அத்தை. கல்யாணத்துக்கு முன்னால் சின்ன காஞ்சிபுரத்தில் எங்களோடுதான் இருந்தார். ராட்டையில் பட்டு நூல் சுற்றுவார். கை சும்மா இருந்தால் படிப்பார். ஒரு தீபாவளிக்கு, குண்டான ஒரு மாயாஜால நாவலைப் படக்கதையாகச் சுருக்கி விற்பனைக்கு விட்டார்கள். கதை ஒன்று, அட்டை நான்கு விதம். எந்தக் கடைக்கு எந்த அட்டை வரும் என்று யாருக்கும் தெரியாது. அத்தைக்கு நான்கும் வேண்டும். மெட்ராஸுக்குச் சேலை கொண்டுபோகிற அப்பாவை நச்சரித்தே மூன்று சேர்த்துவிட்டார்.

"ஒரே புஸ்தகத்த மூணு தபா வாங்கற ஆள இப்பத்தான் பாக்கறேன்" என்பார் அம்மா.

"திருவிழாவுல தெனமும் அலங்காரம் பாக்க ஓடறீங்களே அண்ணி, உள்ள இருக்கறது ஒரே பெருமாள்தானே?"

"வாயப் பாரு! சாமியும் புஸ்தகமும் ஒண்ணா?" என்று அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

நான் அப்போது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டி ஒரு வரி முடிப்பதற்குள் கொட்டாவி வந்துவிடும். அதனால் அத்தைதான் படித்துச் சொல்வார். ராஜாவுக்குக் கண் தெரியாமல் போய்விடுகிறது. மருந்து, மலைகளுக்கு அப்பால் இருக்கிற கல்பூதத்திடம் இருக்கிறது. இளவரசி தனியாகப் போகிறாள். "கண்ணைத் தருகிறேன். பதிலுக்கு நீ என் கோட்டையிலேயே இருந்துவிட வேண்டும்" என்கிறது பூதம்.

இதுவரைக்கும் எந்த அட்டையை எடுத்தாலும் ஒன்றுதான். அதற்கு மேல் அட்டைக்கு அட்டை மாறும். பறவை அட்டை என்றால், இளவரசி மருந்தைப் பூதத்தின் வேலைக்காரனிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, பறவை முதுகில் ஏறி யாருக்குமே அவளைத் தெரியாத ஊருக்குப் போய்விடுவாள். வாள் அட்டையில் பூதத்தை வெட்டிவிட்டு வீட்டுக்கு வருவாள். படகு அட்டையில் ஓர் ஏரியில் படகோட்டியாகிவிடுவாள். அக்கரைக்குப் போகிறவர்களிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டே துடுப்புப் போடுவாள். அத்தை விரலை எழுத்தின்மேல் ஓட்டிக்கொண்டேதான் சொல்வார். பறவைக் கதையை மட்டும் நான் கேட்காமலேயே இன்னொரு முறை சொல்வார்.

தெருமுனை ஜரிகைக் கடை பாய் வீட்டுப் பையன் என் கூட்டாளி. அவனும் அதைப் படித்திருந்தான். "அவ கோட்டைக்குள்ள பூடுவாடா. கதவு சாத்திக்கும். அவ்ளோதான்" என்றான்.

"அது உன் அட்டைக்கு. எங்க வீட்ல வேற அட்டை இருக்குது."

"அட்டை மாறினா கதை மாறுமாடா, லூசு?"

"கரை மாறினா சேலை மாறுது இல்ல?"

எங்கள் நெசவுத் தெருவில் இதை யாராலும் மறுக்க முடியாது. சேலையின் உடல் அதேதான், கரையை மாற்றிப் போட்டால் அது வேறு சேலை, வேறு பெயர். இதைப் பார்த்து வளர்ந்தவன் வேறு எப்படி நினைப்பேன்?

தை மாதம் அத்தையைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு வாலாஜாபாத் அரிசி மில்லில் வேலை. அதிர்ந்து பேசாதவர். புறப்படும்போது, செய்தித்தாளில் சுற்றிய ஒன்றை அம்மாவிடம் கூச்சத்தோடு நீட்டினார். "இந்த ஒண்ணுதான் கிடைக்கலன்னு தரகர் சொன்னாரு. எங்க ஊர் ஸ்டேஷன் கடையில இருந்துது." பிரித்தால், நான்காவது அட்டை! பெரிய கோட்டைக் கதவு பாதி திறந்திருக்கிறது. அதன்முன் இளவரசியின் முதுகு மட்டும் தெரிகிறது.

"புஸ்தகம் தேடிப் பிடிச்சு வாங்கியாற மாப்பிள்ள யாருக்குடீ கிடைப்பான்?" என்று அம்மா பூரித்துப்போனார். அத்தை அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நல்லா இருக்குது" என்றார்.

அவர்கள் தெருவைத் தாண்டுவதற்குள் நான் அத்தையிடம் ஓடினேன். "அத்த, இதுக்கு என்னா கதை?"

"இத நீயே படிச்சிக்கோப்பா."

"எனக்குத்தான் படிக்கவே வராதே!"

"கத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ராட்டையை வேகமாகச் சுற்ற ஆரம்பித்தார். கேட்டது கிடைத்துவிட்டது, நான்கும் சேர்ந்துவிட்டது. அப்புறம் என்ன கோபம் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

கல்யாணம் முடிந்தது. மாப்பிள்ளை கொடுத்தது என்பதால் நான்காவதை அம்மாவே பெட்டியில் மேலாக வைத்து அனுப்பினார். மற்ற மூன்றும் எனக்கு வந்தன. அத்தை "கத்துக்கோ" என்று சொன்ன ரோஷத்தில்தான் நான் படிக்கவே கற்றுக்கொண்டேன். முதலில் பறவை அட்டையை எடுத்து, எழுத்தெழுத்தாகக் கூட்டிக் கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். இளவரசி கோட்டைக்குள் போகிறாள். கதவு சாத்திக்கொள்கிறது. ராஜாவுக்குப் பார்வை வருகிறது. ஊரே விழாக் கொண்டாடுகிறது. முற்றும். பறவை எங்கே? வாள் அட்டையைப் பார்த்தேன். அதிலும் கதவு. படகு அட்டை, அதிலும் கதவு.

நன்றாக யோசித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். அச்சகத்தில் ஆள் தப்புப் பண்ணிவிட்டான். நான்காவது அட்டைக்கு உரிய கதையை மற்ற மூன்றுக்கும் வைத்துக் கம்பிப் பின் அடித்துவிட்டான்.

ஆடிக்கு அத்தையை அழைத்து வந்தார்கள். "எப்படி இருக்கே?" என்று அம்மா கேட்டார். "நல்லாத்தான் இருக்கேன் அண்ணி. தங்கமான மனுஷன்" என்றார் அத்தை. நான் மூன்று புத்தகத்தையும் அவர் மடியில் போட்டேன்.

"அத்த, எல்லாத்துலயும் மாத்தி பின் அடிச்சிட்டாங்க. உள்ள உன் கதையே இல்ல!"

அம்மா சிரித்தார். அத்தையும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். அப்புறம் பறவையின் இறக்கையை விரலால் தடவினார்.

"ஆமாம்பா. மாத்திதான் அடிச்சிட்டாங்க."

"கடையில குடுத்தா சரியானது தருவாங்களா?"

"தர மாட்டாங்கப்பா."

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அடுப்பைப் பார்க்கிறேன் என்று எழுந்து போனார். அச்சகத்தில் எவனோ பண்ணின தப்புக்கு எங்கள் அம்மா ஏன் அழ வேண்டும்?

வளர்ந்த பிறகு அந்தக் குண்டு நாவலையும் நூலகத்தில் எடுத்துப் படித்தேன். அதிலும் கதவுதான். அப்படியானால் பறவையும் படகும் எங்கிருந்து வந்தன என்பது மெதுவாகத்தான் புரிந்தது. முழுசாகப் புரிந்ததா என்று இப்போதும் சொல்ல முடியாது. வாலாஜாபாத் ஆயாவும் தாத்தாவும் எப்படிச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். அதுவும் பொய் இல்லை.

அந்த ஆடியில் அத்தையை பஸ் ஏற்றிவிட எல்லாரும் போயிருந்தார்கள். நான் வீட்டில் தனியாக இருந்தேன். பறவை அட்டைப் புத்தகத்தை எடுத்து, பின்களை நகத்தால் நெம்பி நிமிர்த்தினேன். கதவு சாத்திக்கொள்கிற கடைசித் தாளை மட்டும்தான் எடுக்க நினைத்தேன். மடிப்பில் அதோடு ஒட்டியிருந்த முதல் தாளும் சேர்ந்து வந்துவிட்டது. ராஜாவுக்குக் கண் போன பக்கம் அது. இரண்டையும் தனியே எடுத்து வைத்தேன். பிறகு, மிச்சத்தைப் பறவை அட்டைக்குள் வைத்து, பின்களை மறுபடி மடக்கி, கரண்டிக் காம்பால் தட்டி இறுக்கினேன்.