எல்லாப் புள்ளியையும் போடுங்கோ

எங்கள் ஊர் திருகோணமலையில் அந்தக் காலத்தில் பொயின்ற் என்றால் ஒன்றுதான். மண்மூட்டை அடுக்கி, மேலே தகரம் போட்டு, உள்ளே துவக்கோடு இரண்டு பேர் நிற்கும் காவலரண். "பொயின்ற்ல இறக்கி நடக்க விடுறாங்கள்", "பொயின்ற்ல ஆள் மாறிட்டுது, இனி வரிசை நகராது" என்று பஸ்ஸில் ஏறியதில் இருந்து இறங்கும் வரைக்கும் அதே கதைதான். எங்கள் வீடு உட்துறைமுக வீதியில். நான் வேலை செய்த ஹோட்டல் நிலாவெளிக் கடற்கரையில். நடுவில் இருந்த பொயின்ற் ஒவ்வொன்றும் வருமுன்னரே அடையாள அட்டையைக் கையில் எடுத்துவிடுவேன். எனக்குப் பயம் கூடப் பிறந்தது. சண்டை இல்லாத நாட்டில் பிறந்திருந்தாலும் எதையாவது தேடிப் பிடித்துப் பயந்திருப்பேன்.

ஹோட்டலுக்குள் மட்டும் அந்தச் சொல்லுக்கு வேறு கருத்து இருந்தது. எங்களுடையது கொழும்பில் தலைமையகம் வைத்திருந்த ஒரு நிறுவனத்தின் கடற்கரைக் கிளை. சமாதானம் என்று சொல்லப்பட்ட அந்தக் கொஞ்ச வருடங்களில் வாடிக்கையாளர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் அட்டையில் பொயின்ற் ஏறும். போதுமான அளவு சேர்ந்தால் நிறுவனத்தின் எந்தக் கிளையிலும் சும்மா ஓர் இரவு தங்கலாம். வரவேற்பு மேசையில் நிற்கிற எங்களுக்கும் ஒரு சலுகை: விருந்தினர் ஒருவரை அட்டையில் சேர்த்தால் எங்கள் பெயருக்கும் பொயின்ற் விழும்.

அதில் நான் விண்ணி, படு கெட்டிக்காரி. நிவாரண நிறுவனங்களின் வெள்ளைக்காரர், இருபது வருடம் கழித்து ஊர் பார்க்க வந்த எங்கள் ஆட்கள், ஆரையும் விடவில்லை. என் கணவர் தம்பலகாமத்தில் கணித ஆசிரியர். பின்னேரம் தேத்தண்ணி குடித்தபடி, "இண்டைக்கு எத்தினை பேரைப் பிடிச்சனீர்?" என்று பகிடி பண்ணுவார். அவர்தான் ஒருநாள் கணக்குப் பார்த்துச் சொன்னார்: என்னிடம் பன்னிரண்டாயிரம். கொழும்பில் ஓர் இரவுக்கு இரண்டாயிரம். "ஆறு இரவு. ஆறு நாளும் நான் கட்டிலை விட்டு எழும்ப மாட்டன், சொல்லிப் போட்டன்."

அதை அவர் பகிடியாகத்தான் சொன்னார்.

திரும்பச் சண்டை வந்தது. மூதூரில் இருந்து சனம் கையில் அகப்பட்டதோடு ஓடிவந்தது. துறைமுகப் பக்கம் ஷெல் சத்தம் கேட்டால் எங்கள் வீட்டு அலுமாரிக் கண்ணாடி கிடுகிடுக்கும். ஹோட்டலில் ஒருவரும் இல்லை. ஆனாலும் மேசையில் ஒருவர் நிற்க வேண்டும் என்பது தலைமையகத்தின் கட்டளை. நான் நாள் முழுக்க வெறும் கதிரைகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் அவருடைய கண். ஒரு காலையில் கரும்பலகையின் இடது மூலை தெரியவில்லை என்றார். இரண்டு நாளில் இடது கண்ணில் பாதிக்கு இருட்டு இறங்கிவிட்டது. வலது கண் சின்ன வயதிலேயே மங்கல். ஆளைத் தெரியும், எழுத்துத் தெரியாது. அவர் வாசித்ததும் எழுதியதும் படிப்பித்ததும் அந்த இடது கண்ணால்தான். பெரியாஸ்பத்திரி டொக்டர் பார்த்துவிட்டு, விழித்திரை கழன்றுகொண்டு வருகிறது, உடனே கொழும்பில் வெட்ட வேண்டும் என்றார். வெட்டுவதற்குத் திகதியும் அவரே எடுத்துத் தந்தார். பிறகு எங்கள் இரண்டு பேரையும் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"ஒப்பரேஷன் பெரிய விஷயமில்லை. கண்ணுக்குள்ள ஒரு காத்துக் குமிழி விடுவினம். அது விழித்திரையை அமத்திப் பிடிச்சுக்கொண்டு நிக்கவேணும். ஏழு நாள் முகம் குப்புறப் படுக்கவேணும். சாப்பிட்டாலும் குனிஞ்சபடி, நடந்தாலும் குனிஞ்சபடி. தலையை மட்டும் நிமித்தக் கூடாது."

வார்டில் ஓர் இரவுதான் வைத்திருப்பார்கள், காயக்காரருக்கே கட்டில் இல்லை என்றும் சொன்னார். மிச்சம் ஆறு இரவு. ஏழாம் நாள் திரும்பக் காட்ட வேண்டும். ஊருக்குக் கூட்டி வரவும் ஏலாது, வழியில் எத்தனை இடத்தில் இறக்கி முகத்தைப் பார்ப்பார்கள்.

கொழும்பில் தமிழ் ஆட்கள் தங்கும் லொட்ஜ்களைப் பற்றி அப்போது எல்லாருக்கும் தெரியும். திடீரென்று சுற்றி வளைப்பார்கள். ஆம்பிளைகளை வரிசையில் விடுவார்கள். சிலர் திரும்பி வரவில்லை. கொழும்பில் இருந்த ஒரேயொரு தூரத்துச் சொந்தமும், "வீட்டில ஆளை வைச்சிருந்தால் எங்களையும் விசாரிப்பாங்கள், குறை நினையாதேங்கோ" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டது. நட்சத்திர ஹோட்டலுக்குள் அப்படி நுழைய மாட்டார்கள். காசு கொடுத்து அங்கே தங்க எங்களால் முடியாது. ஆனால் என்னிடம் ஆறு இரவு இருந்தது. ஒன்று கூடவுமில்லை, ஒன்று குறையவுமில்லை. அன்றைக்குச் சாமியறையில் விழுந்து கும்பிட்டேன்.

இரண்டு நாள் கழித்துத் தலைமையகத்தில் இருந்து ஒரு ஃபக்ஸ். மாதம் பிறந்ததும் பொயின்ற் பெறுமதி மாறுகிறதாம். கொழும்பில் ஓர் இரவு இனி நாலாயிரம். ஹபரணை பழையபடி இரண்டாயிரம். திருகோணமலை வெறும் நானூறு. ஒருவரும் வராத இடத்துக்கு அதுதானே விலை. ஷெல் விழுகிற ஊரில் முப்பது இரவு சும்மா தங்க எனக்கு வழி இருந்தது. கொழும்பில் மூன்று. மாதம் முடிய நாலு நாள் கிடந்தது. அதற்குள் பதிந்தால் பழைய கணக்கு.

ஹோட்டலில் வெளியே எடுக்கும் லைனை வெட்டியிருந்தார்கள், வருவது மட்டும் வரும். கைத்தொலைபேசிக்கும் சிக்னல் இல்லை. எங்கள் வீதி மூலையில் இருந்த தொலைபேசிக் கடையில் எடுத்துப் பேசலாம் என்று ஒரு துண்டில் குறித்துக்கொண்டு பஸ் ஏறினேன். என்ன எழுதினேன் என்பது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. மேலே ஆங்கிலத்தில், பொயின்ற்ஸ். கீழே, திருமலை 400, ஹபரணை 2000, கொழும்பு 4000. அதற்கும் கீழே, முதலாம் திகதியில் இருந்து.

உப்புவெளிக் காவலரணில் இறக்கினார்கள். என் கைப்பையைப் பார்த்த பெண் சிப்பாய் துண்டை எடுத்து வாசித்தாள், திரும்பவும் வாசித்தாள், பிறகு அதை உள்ளே கொண்டுபோனாள். பஸ் என்னை விட்டுவிட்டுப் போய்விட்டது. அப்போதுதான் அந்தத் துண்டை அவர்களுடைய கண்ணால் நானும் வாசித்தேன்.

"திருக்கோணமலை பொயின்ட் நானூறு, யார் சொன்னது?" என்று அதிகாரி தெரிந்த தமிழில் கேட்டார். "முதலாம் திகதி என்ன நடக்கும்?"

நான் அட்டையைக் காட்டினேன். ஹோட்டலில் படுத்தால் பொயின்ற் கிடைக்கும் என்றேன். படுத்தாலா என்றார். ஓம், படுத்தால் என்றேன். வெளியே நின்றவன் சிரித்தான். அதிகாரி சிரிக்கவில்லை. என்னை ஒரு வாங்கில் இருத்தி, ஹோட்டலுக்கு எடுத்து விசாரித்து முடிக்க இரண்டு மணித்தியாலம் சென்றது. அந்த நேரம் முழுக்க நான் நினைத்தது ஒன்றே: என்னைக் கொண்டுபோனால் அவருக்கு ஆர் சோறு பிசைந்து கொடுப்பது?

கடைசியில் துண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, "மிஸ், இந்த ஊரில பொயின்ட் கதைக்க வேணாம். நம்பர் கதைக்க வேணாம்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதனால் இன்னும் பயமாக இருந்தது.

தொலைபேசிக் கடையில் கூண்டு ஒன்றும் இல்லை. கதைப்பதைக் கடை முழுக்கக் கேட்கலாம். முன்வாங்கில் தலைமயிரை ஒட்ட வெட்டிய இரண்டு பேர், பேப்பர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். ஆர் என்று எனக்குத் தெரியாது. சும்மா ஆட்களாகவும் இருந்திருக்கலாம். கொழும்பு முன்பதிவுப் பிரிவில் இருந்தது மூதூர்ப் பிள்ளை ஒருத்தி. முகம் பார்த்ததில்லை, குரலில் பழக்கம். ஊழியர் அறை கேட்டால் அது பொயின்ற் கணக்கில்தான் என்பது அவளுக்குத் தெரியும். லைன் கரகரவென்று இரைந்தது.

"அக்கா, சொல்லுங்க."

பொயின்ற் என்ற சொல் நாக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதன்முறையாகப் பள்ளிக்கூடத் தமிழைத் தேடினேன்.

"தங்கச்சி, எனக்கொரு அறை வேணும். என்ர புள்ளி எல்லாத்தையும் போடுங்கோ."

"புள்ளையளா? எல்லாத்தையுமா?"

"ஓம், எல்லாத்தையும்."

அவள் சிரித்தது கேட்டது. "அப்ப பெரிசாப் போடுறன். எத்தின நாளைக்கி?"

ஆறு என்று சொல்லியிருக்கலாம். நம்பர் கதைக்க வேண்டாம் என்ற அதிகாரியின் குரல் காதுக்குள் நின்றது. பேப்பர் பிடித்தவர்களில் ஒருவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "வாற அளவுக்கு" என்று சொல்லி, போய்ச் சேரும் திகதியைக் கொடுத்துவிட்டு வைத்துவிட்டேன்.

அடுத்த நாளுக்கு மறுநாள் ஃபக்ஸ் வந்தது. குடும்ப அறை. பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் உடன். அதற்கு இரட்டிப்புப் பெறுமதி, ஓர் இரவுக்கு நாலாயிரம். மூன்று இரவுகள்.

மூதூர்ப் பக்கம் பிள்ளையைப் புள்ள என்பார்கள். அது எனக்குத் தெரியாததா? கல்யாணமாகி எட்டு வருடம், எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு யாருமில்லாத ஹோட்டலில் நான் சத்தம் வராமல் அழுதேன்.

இனிமேல் எழுதப் போவதை இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. மாதம் முடிய இன்னும் ஒரு நாள் இருந்தது. திரும்ப எடுத்து, பிள்ளைகள் இல்லை, பொயின்ற், சின்ன அறை, ஆறு இரவு என்று நாலு சொல் சொன்னால் போதும். கடை எங்கள் வீதியில்தான். அன்று பின்னேரம் அதன் வாசலால் மூன்று தரம் நடந்தேன். வாங்கில் அதே இரண்டு பேர் இருந்தார்கள். நாலாம் தரம் நடக்காமல் வீட்டுக்குப் போய்விட்டேன்.

"மூண்டு இரவுதான் கிடைச்சுது. நான் எடுக்கேக்கையே ஏத்திப் போட்டாங்கள்" என்று அவருக்குச் சொன்னேன்.

அவர், "மாதம் முடியேல்லையே" என்றார். பிறகு, "சரி விடும். மூண்டும் பெரிசுதான்" என்றார்.

கண்ணை வெட்டி, மறுநாள் கையைப் பிடித்து அவரைக் குனிந்தபடியே அந்த அறைக்குள் கொண்டுபோனேன். பெரிய கட்டிலுக்குப் பக்கத்தில் இரண்டு சின்னக் கட்டில்கள் போட்டு, மேலே சின்னத் துவாய்களை மடித்து வைத்திருந்தார்கள். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்த அவருக்கு அந்தக் கட்டில்களின் கால்கள் மட்டும் தெரிந்திருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. மூன்று நாளும் சொன்ன சொல் தவறாமல் குப்புறப் படுத்தார். நான் நிலத்தில் இருந்து, கீழிருந்து அவருக்குச் சோறு தீத்தினேன். கதவைத் தட்டி வந்தது துப்புரவு செய்கிற பெண் மட்டும்தான். அவ்வளவு நிம்மதியாக நான் அந்த வருடம் முழுக்க இருந்ததில்லை. அதே நேரம் ஒவ்வொரு விடியலிலும் ஒன்று குறைகிறதே என்று எண்ணிக்கொண்டேன்.

நாலாம் நாள் லொட்ஜுக்குப் போனோம். ஐந்தாம் நாள் காலை, நான் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டிருக்கும்போது சுற்றி வளைத்தார்கள். ஆம்பிளைகள் எல்லாரும் முற்றத்துக்கு. டொக்டரின் கடிதத்தை நீட்டிக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். வாகனத்துக்குள் முகம் மூடிய ஒருவன், தலையாட்டி, இருந்தான். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைக் கொண்டுபோவார்கள். அவன் அடையாளம் பார்க்க எல்லா முகமும் தெரிய வேண்டும்.

"தலையை நிமித்து" என்றான் சிப்பாய்.

அவர் நிமிர்த்தவில்லை. "சேர், கண் ஒப்பரேஷன்" என்று நிலத்தைப் பார்த்தபடியே சொன்னார். அப்படிக் குனிந்து நின்றதுதான் அவர்களுக்குச் சந்தேகமாகப் போயிற்று. ஒருவன் வந்து நாடியைப் பிடித்து முகத்தை வெய்யிலுக்கு உயர்த்தினான். அடிக்கவில்லை, திட்டவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் நின்றான். வரிசை முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல். தலையாட்டி ஆட்டவில்லை. ஆளை எனக்குத் திருப்பித் தந்தார்கள்.

ஏழாம் நாள் கொழும்பு டொக்டர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "நிமிந்தனீங்களோ?" என்று கேட்டார். அவர், "ஓம் டொக்டர், மறந்துபோய் நிமிந்திட்டன்" என்றார். என்னை ஒருவரும் ஒன்றும் கேட்கக் கூடாது என்பதற்காகச் சொன்னது என்று எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர் ஒரு கணக்கும் வாசிக்கவில்லை. நான் வாசிக்க, அவர் மனதுக்குள் செய்தார்.

அடுத்த தை பிறந்து சில நாளில் ஹோட்டல் மேசையில் தொலைபேசி அடித்தது. மூதூர்ப் பிள்ளை. ஏதோ அதிகாரிகள் வருகிறார்கள், அறை ஒதுக்க வேண்டுமாம். எழுதிக்கொண்டேன். அன்றைக்கு லைன் ஒரு கரகரப்பும் இல்லாமல் தெளிவாக இருந்தது.

"அக்கா, கேக்க மறந்துட்டன். அண்டைக்கி எல்லாத்தையும் போடச் சொன்னீங்களே, புள்ளையள் சுகமா?"

"ஓம், சுகம்" என்றேன்.

"எத்தின பேர் அக்கா?"

"ஆறு" என்றேன்.