பாய் வீட்டுப் பின்சுவர்

என் பார்ட்னரின் ஜீப்பில் எப்போதும் ஒரு மடக்கு நாற்காலி கிடக்கும். ஏற்காட்டில் யாராவது வீடு கட்ட மனை காட்டினால், அளவு டேப்பை எடுப்பதற்கு முன் அவன் அதைத்தான் இறக்குவான். வீட்டுக்காரரை அதில் உட்காரவைத்து, இங்கும் அங்கும் நகர்த்தி, "இங்கிருந்து பாக்க நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்பான். அவர் முகம் எங்கே மலர்கிறதோ அங்கிருந்துதான் வரைபடம் தொடங்கும். நாங்கள் ஒரே வகுப்பில் கட்டடக்கலை படித்து, சேலத்தில் சேர்ந்து அலுவலகம் போட்டவர்கள். கல்லூரியில் பாடம் எடுக்கும்போதும் அவன் இதையே சொல்வான். பிள்ளைகள் வேதவாக்காக எடுத்துக்கொண்டார்கள்.

ஏற்காட்டில் மளிகைக் கடை வைத்திருக்கும் பாயும் பாயம்மாவும் கொட்டச்சேடு போகும் வழியில், சரிவில் ஒரு மனை வாங்கினார்கள். கடைக்குப் பின்னால் ஜன்னலே இல்லாத அறையில் காலம் தள்ளியவர்கள். பாயம்மா அந்த நாற்காலியில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தார். "இது போதுங்க. அடுப்பு எங்க வேணாலும் இருக்கட்டும்" என்றார். அடுப்பு பின்பக்கம் போனது. பார்ட்னர் மேட்டைச் செங்குத்தாக வெட்டித் தரையைச் சமமாக்கினான். சமையலறைச் சுவர் மண்ணை ஒட்டி எழுந்தது. மேலிருந்து இறங்கும் தண்ணீருக்குப் பேருக்கு ஒரு வாய்க்கால் விட்டான்.

அடுத்த வருட மழையில் மேடு சரிந்தது. சுவரை உடைத்துக்கொண்டு வந்த சேறு சமையலறையை நிரப்பிவிட்டது. துணி எடுக்க வாசலுக்குப் போயிருந்ததால் பாயம்மா பிழைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்று எங்கள் படிப்பு கேட்டதே இல்லை. கல்லூரியில் மாதிரிக் கட்டடம் செய்யும்போது அட்டைகளை அடுக்கி மலை செய்வோம். கட்டடம் உட்காரவில்லை என்றால் பிளேடால் மலையைச் சீவிவிடுவோம். அதற்காக யாருக்கும் மதிப்பெண் குறைந்ததில்லை. பார்வை, வெளிச்சம், வெளி என்று மணிக்கணக்கில் பேசிய எங்கள் ஆசிரியர்கள் மேல் எனக்கு இப்போதும் கோபம் உண்டு. ஒருவராவது தண்ணீரைப் பற்றிப் பேசியிருக்கலாம்.

பார்ட்னர் முன்னின்று எல்லாவற்றையும் சரிசெய்தான். மேட்டைப் படிப்படியாக வெட்டி, கல் வைத்துக் கட்டி, நல்ல வடிகால் போட்டு, பின்சுவரைப் புதிதாக எழுப்பிக் கொடுத்தான். அதோடு வரைவதை விட்டுவிட்டான். கல்லூரிக்கும் போவதில்லை. ஆனால் மலையில் மழை என்று கேள்விப்பட்டால் போதும், ஜீப்பை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். பின்சுவரில் உள்ளங்கையை வைத்து ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பான். திரும்பி வந்த அன்று மட்டும் வயிறாரச் சாப்பிடுவான் என்று அவன் மனைவி சொன்னார்.

போன வாரம் வேறொரு வேலையாக ஏற்காடு போனவள் கடையில் எட்டிப் பார்த்தேன். பாயம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவர இனி வர வேண்டாம்னு நீ சொல்லு கண்ணு. ஊடு நல்லாத்தான் இருக்குது. நாங்களும் அதை மறந்து தூங்கறோம். அவரு வந்து செவுத்தத் தொட்டுப் பாத்துட்டுப் போனா, அந்த மழை முடியற மட்டும் எங்களுக்குத் தூக்கமில்ல. நொம்ப நல்ல மனுசன், மூஞ்சிக்கு நேரா நான் எப்படிச் சொல்றது?"

நேற்று அவனிடம் சொன்னேன். "சரி, போகல. மழை பேஞ்சா நீ போன் போட்டுச் செவுரு எப்படி இருக்குதுன்னு மட்டும் கேட்டுச் சொல்லு" என்றான்.

இன்று காலையிலிருந்து மலையில் மழை. கேட்டாயா, கேட்டாயா என்று அவன் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தான். பாயம்மாவின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் போய் நின்றாலும் நான் போன் செய்தாலும் அவருக்கு வரப்போவது அதே பயம்தான்.

சுவர் நன்றாக இருக்கிறதாம் என்று அவனுக்குப் பதில் அனுப்பினேன். நான் பாயம்மாவைக் கூப்பிடவே இல்லை.