கபாசோவும் ஆணியில் தொங்கிய கண்ணாடியும்

கபாசோவுக்கு அருவருப்பு காலை ஏழு மணிக்கே தொடங்கிவிடும். பட்டறைக்குள் வந்ததும் நேராகக் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரெசர் பக்கம் போவார். தொட்டிக்கு அடியில் இருக்கும் திருகைத் திறந்தால், முந்தின நாள் உள்ளே தேங்கின தண்ணீர் புஸ்ஸென்று பீச்சியடிக்கும். துருவும் எண்ணெயும் கலந்த பழுப்புத் தண்ணீர். தவளை செத்து ஊறின மாதிரி நாற்றம். அதை வேலை முடித்துப் போகும்போது திறந்துவிட வேண்டியவன் கட்டோங்கோ. நாற்பது வயது ஆள், மூன்று பிள்ளைக்குத் தகப்பன், ஒருநாளும் திறந்ததில்லை. மூக்குப்பொடி போட்ட விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டே, நாளைக்குத் திறக்கலாமே என்பான்.

அந்தத் தண்ணீர் தொட்டியில் கிடந்தால் காற்று போகும் ஓஸ் வழியாக ஏறி ஏர் டிரில்லுக்குள் போகும். உள்ளே துருப்பிடிக்கும். இழுத்து இழுத்து ஓடும், நடுத் துளையில் நின்று கையை முறுக்கும். இதெல்லாம் கட்டோங்கோவுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் செய்யாதவன்தான் கபாசோவுக்கு அந்தத் தண்ணீரை விட அசிங்கம்.

செம்புச் சுரங்க நகரமான கிட்வேயின் தொழிற்பேட்டையில் சுரங்க லாரிகளையும் எண்ணெய் டேங்கர்களையும் பழுது பார்க்கிற பட்டறை அது. டேங்கர் நிற்கிற கொட்டகைக்குள் கரண்டு டிரில்லுக்கு அனுமதியில்லை. ஒரு பொறி போதும், கூரை இருக்காது. அதனால் அங்கே எல்லாத் துளையும் காற்றில் ஓடும் டிரில்லில்தான் போட வேண்டும், அதில் கபாசோவை மிஞ்ச ஆள் கிடையாது. லுவிங்கு ஊர்ப் பக்கத்திலிருந்து நாலாம் வகுப்போடு கிளம்பி வந்தவர். சுரங்கப் பட்டறையில் தரை கூட்டினார். கூட்டிக்கொண்டே பார்த்தார், பார்த்தே கற்றுக்கொண்டார். காலேஜில் படித்துவிட்டு வந்த பொறியாளர்கள் வரைபடத்தை இவர் முன்னால் விரித்துவைத்து, "லுகுந்தோ அப்பா, இது சரியா வருமா?" என்று கேட்டுவிட்டுப் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மூத்த மகள் பெயர் லுகுந்தோ. ஊரில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் யாருமில்லை.

அவருக்குக் கண் ஒன்றுதான். வலது கண். இருபத்திமூன்று வயதில், துளைக்குள் கிடந்த இரும்புச் சுருளைக் காற்றுக் குழாயால் ஊதினார், குனிந்து பார்த்துக்கொண்டே ஊதினார். சுருள் வெளியே வந்தது, இடது கண்ணுக்குள் போயிற்று. யார் மேலும் பழி போடமாட்டார். நான் ஊதினேன், எனக்குப் போச்சு என்று ஒரே வரியில் முடித்துவிடுவார். வேலை முடிந்ததும் அதே காற்றால் சட்டைத் தூசியை ஊதிக்கொள்கிறவர்களைக் கண்டால் மட்டும் திரும்பிப் போய்க் காறித் துப்பிவிட்டு வருவார்.

ஒற்றைக் கண்ணோடு முப்பத்தைந்து வருடமாகத் துளை போடுகிறார். கையுறை போட்டுக்கொண்டு டிரில்லைத் தொடுகிறவனை அந்த இடத்திலிருந்தே விரட்டுவார். துணி நுனி சிக்கினால் விரல் தனியாகப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியும். இரும்பைக் கையால் பிடிக்கமாட்டார், கவ்வியில் இறுக்குவார். டிரில்லின் முனையான பிட்டை மாற்றுவதற்கு முன்னால் காற்றை அடைத்து, விசையை ஒருமுறை அழுத்தி ஓஸில் மிச்சமிருக்கும் காற்றையும் வெளியேற்றுவார். பிட்டை இறுக்கும் சக் சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் மறுபடி திறப்பார். எல்லாம் சுத்தம், எல்லாம் ஒழுங்கு. ஒன்றைத் தவிர.

கண்ணாடி போடமாட்டார்.

பட்டறைக்கு ஒரே ஒரு பாதுகாப்புக் கண்ணாடி. இரண்டு கிண்ணத்தைச் சங்கிலியால் கோத்த மாதிரி, பின்னால் ரப்பர் வார் வைத்தது. சுரங்கத்திலிருந்து பார்வையிட வந்த அதிகாரி கேட்டார் என்று முதலாளி வாங்கி ஆபீஸ் கதவோரம் ஓர் ஆணியில் மாட்டியிருந்தார். பதினோரு பேர் முகமும் அதில் ஊறியிருந்தது. உள்ளே ஒட்டின பஞ்சு மஞ்சளாகி, ஓரம் கறுத்து, யாருடைய புருவ முடியோ இரண்டு ஒட்டியிருக்கும். கட்டோங்கோ போட்டுக் கழற்றினால் மூக்குப்பொடி நெடி ஒரு வாரம் நிற்கும். கபாசோவோ சாப்பாட்டு வேளையில் எல்லோரும் கைவிட்டுக் கழுவும் சட்டியில் கூடக் கை வைக்காத மனிதர். தன் பாட்டிலிலிருந்து தண்ணீர் ஊற்றித் தனியாகக் கழுவிக்கொண்டுதான் சோளக்களியைத் தொடுவார். அவர் எப்படி அதை முகத்தில் ஒட்டவைப்பார்? புதிதாக ஒன்று வாங்கித்தரும்படி முதலாளியிடம் இரண்டு தடவை கேட்டார். அதுதான் இருக்கிறதே என்று பதில் வந்தது. சொந்தமாக வாங்கிக்கொள்ள அவர் ரோஷம் விடவில்லை. போதாக்குறைக்கு அதன் வலது கண்ணாடி, சாணைப்பொறி பட்டுப் பட்டு அம்மை விழுந்த மாதிரி மங்கிப்போயிருந்தது. இருக்கிற ஒரே கண்ணையும் மூடிக்கொண்டு வேலை செய்யச் சொல்கிறீர்களா என்று எல்லோரையும் கேட்பார்.

இந்த விஷயத்தில் அவரை விடாமல் நச்சரித்தது டிசியேஞ்சி ஷாவா ஒருத்திதான். டேங்கருக்குப் பெயின்ட் அடிப்பவள். அவளுக்கும் வயது ஐம்பது தாண்டியாயிற்று. கம்ப்ரெசர் தண்ணீர் அவள் வெள்ளைப் பெயின்டின் மேல் பழுப்புப் புள்ளி புள்ளியாகத் துப்பும், அதனால் கட்டோங்கோவைத் திட்டுவதில் இருவரும் ஒரே கட்சி. ஆனால் அவள் ங்கோனி, இவர் பெம்பா. என்றோ ஒரு காலத்தில் வெட்டிக்கொண்ட இரண்டு சனங்களும் அந்தப் பகையைக் கேலியாக மாற்றி வைத்திருக்கிறார்கள். மாமன் மச்சான் கேலியெல்லாம் இதற்குக் கிட்டே வராது. என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், யாரும் கோபப்படக் கூடாது. சாவு வீட்டில் கூடப் பிணத்தைக் கேலி செய்கிற உரிமை எதிர்ச்சனத்துக்கு உண்டு. அவள் இவரைக் குரங்குத்தின்னி என்பாள். இவர் அவளை எலித்தின்னி என்பார். இருபது வருடமாக இதுதான் அவர்களுடைய காலை வணக்கம்.

கண்ணாடி போடு என்று அவள் சொன்னதும் அந்தக் கணக்கில்தான் சேர்ந்தது. குரங்குக்குக் கண்ணாடி போட்டால் மரத்திலிருந்து விழுமா என்று கேட்பாள். பட்டறை சிரிக்கும். கபாசோவும் சிரிப்பார். சிரித்துவிட்டு வெறுங்கண்ணோடு குனிவார்.

மழைக்காலம் தொடங்கின ஒரு திங்கட்கிழமை. டேங்கருக்கு அடியில் மல்லாந்து படுத்துச் சட்டத்தில் துளை போட்டுக்கொண்டிருந்தார். ஓஸை இணைப்பில் இறுக்கும் கிளாம்ப் சனிக்கிழமையே உடைந்திருந்தது. புது கிளாம்ப் வாங்கப் போகச் சோம்பல்பட்டுக் கட்டோங்கோ பழைய டயர் டியூப்பைக் கீற்றாகக் கிழித்து அந்த இணைப்பைச் சுற்றிக் கட்டிவைத்திருந்தான். இந்த ஊரில் சைக்கிள் முதல் கட்டில் கால் வரை எல்லாவற்றையும் அந்த ரப்பர்க் கீற்றுத்தான் பிடித்துவைத்திருக்கிறது. மற்ற நாளாயிருந்தால் கபாசோ ஓஸை முழுக்கத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பார். அன்று மழைக்கு முன்னால் முடிக்கிற அவசரம். இணைப்போ அவருடைய இடது பக்கத்தில், குருட்டுப் பக்கத்தில் கிடந்தது.

ஷாவா பெயின்ட் டப்பாவோடு அந்தப் பக்கம் போனவள் நின்றாள்.

"ஏய் குரங்குத்தின்னி, அந்த ஓஸ் இன்னைக்கு உன் மூஞ்சிய நக்கப்போவுது. இடது பக்கம் கொஞ்சம் திரும்பிப் பாரு."

"நீளமா எதைப் பார்த்தாலும் உனக்கு எலிவாலாத்தான் தெரியும். நாக்குல எச்சில் ஊறுதா? போ, போய் வேலையப் பாரு."

கபாசோவும் சுற்றி இருந்தவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டுப் போனாள். கபாசோ திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாவது துளை பாதியில் கீற்று பிய்ந்தது. ஓஸ் அடிபட்ட பாம்பு மாதிரித் தரையில் துள்ளிச் சுழன்று வந்து, இரும்பு நுனியால் அவர் வலது கன்ன எலும்பில் அறைந்தது. கண்ணுக்கு ஒரு விரல் கீழே. யாரோ ஓடிப்போய்க் காற்றை அடைத்தார்கள். அதற்குள் கன்னம் மாங்காய் அளவுக்கு வீங்கிக் கண்ணை மூடிவிட்டது.

இரண்டு நாள் அவருக்கு உலகமே இருட்டு. அந்த இரண்டு நாளை அவர் பிறகு யாரிடமும் பேசமாட்டார். கையைப் பிடித்துக் கக்கூசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள் மனைவி. சோளக்களியை உருட்டி வாயில் வைத்தாள். குழம்பில் ஈ விழுந்திருக்கிறதா, நெத்திலி நன்றாகக் கழுவினதா, எதுவும் தெரியாது. எதையோ மென்றார், எதையோ விழுங்கினார். நாக்கில் ஏதோ முடி மாதிரிப் பட்டது. மனைவி இல்லவே இல்லை என்று சத்தியம் செய்தாள். அவரால் பார்க்க முடியவில்லை. பார்க்க முடியாததுதான் உலகத்திலேயே பெரிய அசிங்கம் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

வீக்கம் வடிந்து, கண் திறந்து, வியாழக்கிழமை பட்டறைக்குப் போனார். கட்டோங்கோவை வாய்க்கு வந்தபடி ஏச வேண்டும் என்று வழியெல்லாம் சொல் சேர்த்துக்கொண்டு போனார், ஏசவும் செய்தார். அவன் ஓஸை எடுத்துக் காட்டினான். புது கிளாம்ப் போட்டிருந்தான். இணைப்பு விட்டாலும் துள்ளாதபடி கம்பியும் கோத்திருந்தான். கபாசோ இழுத்துப் பார்த்தார். சரியாக இருந்தது, குற்றம் சொல்ல முடியாததில் எரிச்சலும் வந்தது.

பிறகு ஷாவா வந்தாள். அவள் வாயைத் திறப்பாள், குரங்கு மரத்திலிருந்து விழுந்த கதையைச் சொல்வாள் என்று காத்திருந்தார். பதிலுக்கு ஒன்று தயாராகவும் வைத்திருந்தார். அவளோ முழங்காலை மடித்துக் குனிந்து, சம்பந்தி வீட்டாருக்குச் செய்கிற மாதிரி உள்ளங்கைகளை மெல்லத் தட்டினாள்.

"வணக்கம், லுகுந்தோ அப்பா. இப்போ தேவலையா இருக்கீங்களா?"

கபாசோ எலிவாலைப் பற்றி ஏதோ சொன்னார். சரிங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். மத்தியானமும் அப்படியே. மறுநாளும் அப்படியே. அவர் என்ன சொல்லி வம்புக்கு இழுத்தாலும் சரிங்க, ஆகட்டுங்க. சுற்றி இருந்தவர்கள் சிரிக்கத் தெரியாமல் தரையைப் பார்த்தார்கள். கேலிக்காரச் சனம் கேலியை நிறுத்தினால் இனி உனக்கும் எனக்கும் ஒன்றுமில்லை என்று அர்த்தம். அந்த மரியாதை அவருக்கு மூன்று நாள் பழசான களி மாதிரித் தொண்டையில் நின்றது. கம்ப்ரெசர் தண்ணீரைக் குடிக்கச் சொன்னால் கூடக் குடித்திருப்பார்.

சனிக்கிழமை அவள் பெயின்ட் கலக்குகிற இடத்துக்கே போய், உனக்கு நான் என்ன செய்தேன் என்று கேட்டார்.

அவள் குச்சியை டப்பாவில் வைத்தாள். "திரும்பிப் பாருங்கன்னு சொன்னேன். கேலியாச் சொன்னேன், சிரிச்சீங்க. கண்ணாடி போடுங்கன்னு அஞ்சு வருஷமாச் சொல்றேன், அதுக்கும் சிரிச்சீங்க. என் கேலி உங்க காதுல சிரிப்பாத்தான் விழுது. அதான் நிறுத்திட்டேன். உங்க கண்ணு செத்தா அந்தச் சாவுக்கு வந்து மொத்தத்தையும் சேர்த்துக் கேலி பண்ணிக்கிறேன். அது என் உரிமை. அதுவரைக்கும் நீங்க எனக்குப் பெரியவரு."

ஓஸ் அடித்ததற்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம், அது கட்டோங்கோ செய்த வேலை என்றார் கபாசோ. கட்டோங்கோ வாரத்துக்கு ஒரு தப்புதான் செய்கிறான், உங்கள் பிட்டு நிமிஷத்துக்கு நூறு சுருளை உங்கள் முகத்தில் துப்புகிறதே என்றாள் அவள். அது நாறுகிறது என்றார். நாறினால் கழுவ வேண்டும் என்றாள். கபாசோ திரும்பி ஆபீஸ் கதவுப் பக்கம் நடந்தார்.

ஆணியிலிருந்து கண்ணாடியை இரண்டு விரலால் எடுத்தார், செத்த எலியின் வாலைப் பிடிக்கிற மாதிரி. குழாயடிக்குக் கொண்டுபோய்த் தன் சோப்பைப் போட்டார். முதல் தண்ணீர் கறுப்பாக ஓடிற்று, இரண்டாவது பழுப்பாக. பஞ்சை அழுத்தினால் உள்ளேயிருந்து கொழகொழவென்று ஏதோ வந்தது. மூன்று முறை குமட்டி, நான்காம் முறை காலையில் குடித்த கஞ்சி மேலே வந்து திரும்பிப் போயிற்று. ஒருவனாவது துடைத்துவிட்டு மாட்டினானா, இவர்களெல்லாம் மனிதர்களா என்று வாய்க்குள் திட்டிக்கொண்டே தேய்த்தார். பஞ்சைப் பிய்த்து எறிந்துவிட்டு, தன் கைக்குட்டையைக் கிழித்து மடித்து இரண்டு கிண்ணத்திலும் ஓரமாக வைத்தார். எல்லாம் முடிந்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் வலது கண்ணாடி அதே அம்மைத் தழும்போடுதான் இருந்தது. தூக்கி எறியக் கை ஓங்கினார்.

அப்போதுதான் இடது கண்ணாடி கண்ணில் பட்டது. ஒரு கீறல் இல்லை. பளிச்சென்று இருந்தது.

கபாசோ அதை மெல்லத் தலைகீழாகத் திருப்பினார். இடது வலதுக்கு வந்தது. தழும்பு விழுந்தது குருட்டுக் கண்ணுக்குப் போயிற்று. பொறியாளர்கள் வந்து கேட்டுவிட்டுப் போகிற மூளைக்கு ஐந்து வருடமாக இது தோன்றவில்லை, தொட்டிருந்தால்தானே தோன்றுவதற்கு.

வாரை இழுத்துப் போட்டார். சோப்பையும் மீறி வாரிலிருந்து பழைய வியர்வையும் மூக்குப்பொடியும் கிளம்பின. மூச்சை வாயால் விட்டுக்கொண்டு டேங்கருக்கு அடியில் படுத்தார். ஓஸைக் கையால் தடவினார், இடது பக்கம் தலையைத் திருப்பிப் பார்த்தார். டிரில்லின் வாயில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டார். ஆணிமுனையால் குறி தட்டி, பிட்டை வைத்து, முழங்கையைச் சட்டத்தில் ஊன்றி விசையை அழுத்தினார். இரும்பு சுருள் சுருளாகக் கொட்டிற்று. டிக், டிக் என்று கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. இத்தனையும் இத்தனை வருடம் எங்கே போய்க்கொண்டிருந்தது? பிட்டு மறுபக்கம் எட்டிப்பார்க்கிற நேரம் அழுத்தத்தைத் தளர்த்தினார். துளை சுத்தமாக விழுந்தது.

கால்மாட்டில் ஷாவா குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"கிணத்துக்குள்ள விழுந்த குரங்கு மேல பாக்குற மாதிரியே இருக்கு" என்றாள்.

பட்டறையே வெடித்துச் சிரித்தது. கபாசோவுக்குச் சிரிக்கத்தான் ஆசை. சிரித்தால் கஞ்சி வெளியே வந்துவிடும். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு மிச்சம் இருந்த பதினேழு துளையையும் போட்டுவிட்டுத்தான் எழுந்தார். கழற்றின உடனே ஓரமாகப் போய்த் துப்பினார்.

"எலித்தின்னி" என்றார் பிறகு, மூச்சு வாங்கிக்கொண்டு. "இதுல உன் சாப்பாட்டு வாசனை அடிக்குது."

அடுத்துத் துளை போட வேண்டியவன் கட்டோங்கோ. பொடி போட்ட விரலைச் சட்டையில் துடைத்துவிட்டுக் கண்ணாடிக்குக் கை நீட்டினான். கபாசோ அந்தக் கையைப் பார்த்தார். கண்ணாடியை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் சோப்பை நீட்டினார்.