புஸ்வாணத்துக்கு மேலே ஒரு செமாண்டிக் வெப்

சிவகாசியில் பட்டாசு லேபிள் அடிக்கும் பிரஸ்ஸுக்கு மேல்மாடியில்தான் எங்கள் சாஃப்ட்வேர் கம்பெனி. கம்பெனி என்றால் நானும் ஒரு கம்ப்யூட்டரும். கீழே மிஷின் ஓடினால் மேலே மானிட்டர் ஆடும். இரண்டுக்கும் ஒரே முதலாளி. ஊரே அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும். இந்த வேலை போனால் நான் பெங்களூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான். எனக்கோ பக்கத்து சாத்தூரைத் தாண்டினாலே ஊர் ஞாபகம் வந்துவிடும்.

இரண்டாயிரங்களின் நடுவில் செமாண்டிக் வெப் என்று ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. தகவலைக் கம்ப்யூட்டரே அர்த்தம் புரிந்து படிக்கிற மாதிரி எழுதிவைப்பது. எழுதுவதற்கு எக்ஸ்எம்எல், டர்ட்டில், என்-டிரிப்பிள்ஸ் என்று பல ஃபார்மேட்டுகள். எந்த ஃபார்மேட் கேட்டாலும் அதில் எழுதித் தரும் லைப்ரரி, அதாவது நிரல் தொகுப்பு ஒன்றை ஒரு ஜெர்மனிக்காரருக்காகச் செய்துகொண்டிருந்தேன். எக்ஸ்எம்எல் மட்டும்தான் ஓடியது. அந்த நேரம் பார்த்து, எதெல்லாம் தயார் என்று கேட்டு அவர் மெயில் அனுப்பினார்.

"எல்லாம் இருக்குன்னு போடுங்க தம்பி," என்றார் அண்ணாச்சி.

"ஒண்ணுதான் ஓடுது அண்ணாச்சி. மத்ததுக்கு இன்னும் எழுதவே இல்ல."

அவர் என்னைக் கீழே கூட்டிப்போனார். சீசன் நேரம். ஒரே புஸ்வாணத்துக்குக் கடைக்கொரு லேபிள் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றில் மயில், ஒன்றில் குழந்தை, ஒன்றில் யாரோ ஒரு நடிகை.

"உள்ள அம்புட்டும் ஒரே மருந்துதான். எவனாவது சண்டைக்கு வந்தானா?"

முதலாளி சொன்னால் அப்பீல் ஏது? எல்லா ஃபார்மேட் பெயர்களையும் லைப்ரரியில் சேர்த்து, அத்தனையையும் எக்ஸ்எம்எல் எழுதும் நிரலோடு கட்டிவிட்டேன். டர்ட்டில் கேட்டாலும் எக்ஸ்எம்எல்தான் வரும். ஃபைல் பெயரின் வால் மட்டும் மாறும்.

ஜெர்மனிக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். எல்லாம் ஒன்றுபோல இருக்கிறதே என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

"தரம் ஒரே சீரா இருக்கும்னு எழுதுங்க," என்றார் அண்ணாச்சி. எழுதினேன். மறுநாளே ஆர்டர் ரத்து.

பெங்களூர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்க ஆரம்பித்தேன். அண்ணாச்சிக்கோ என்மேல் கோபமே இல்லை.

"வாங்குறவன் பெட்டியைப் பிரிச்சுப் பாத்துக்கிட்டா இருப்பான்? அப்படிப் பாக்குறவன்கூட நமக்கு யாவாரம் ஒத்துவராது. நீங்க பெங்களூருக்கெல்லாம் எதுக்குப் போறீக? கீழ வாங்க, லேபிள் டிசைனுக்கு ஆள் வேணும்."

போனேன். அதே புஸ்வாணத்துக்கு மேலும் சில முகங்கள் வரைந்து கொடுத்தேன். தீபாவளி கழிந்தும் ஒரு புகார்கூட வரவில்லை. சம்பளத்தைக் கூட்டித் தந்தார். ஊரைவிட்டுப் போகாமல் தப்பித்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். அந்த ஜெர்மனிக்காரர் மட்டும் எங்கேயாவது எங்கள் மயிலையும் நடிகையையும் சேர்த்து வாங்கிவிடக் கூடாது.