கண் நிறம்: நீலம்

வெர்லின் சாத்ரா என்பவன் மார்லிஸைக் கல்யாணத்துக்குக் கேட்டது என் தூண்டில் கடைக் கல்லாவுக்கு முன்னால்தான். நானே சாட்சி. மண்டி போடவில்லை, மோதிரம் நீட்டவில்லை. சுவரில் ஒட்டியிருந்த மீன்பிடி உரிமக் கட்டணப் பட்டியலைக் கொஞ்ச நேரம் படித்தான். பிறகு, "தனித்தனியா ரெண்டு எடுக்கறத விட, கணவன் மனைவின்னு ஒண்ணா எடுத்தா கொறைவா வருது மார்லிஸ்" என்றான்.

அவள் தூண்டில் உருளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எவ்வளவு கொறைவு?" என்று திரும்பாமலே கேட்டாள். சொன்னான். "அப்ப சரி" என்றாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, தேவாலயத்திலிருந்து நேரே கடைக்கு வந்தார்கள். அவள் இன்னும் வெள்ளை உடுப்பில் இருந்தாள். படிவத்தை வெர்லின்தான் நிரப்பினான். பெயர், பிறந்த தேதி, உயரம், எடை, கண் நிறம். இரண்டு பேருக்கும் அவனே எழுதினான். என் பேனாவை எடுத்துப் போய்விட்டான், அது தனிக் கதை. அது 1986.

வெர்லின் செப்டிக் டேங்க் இறைப்பவன். மினசோட்டா மாநிலத்தின் இந்த வடக்கு ஓரத்தில் நாற்பது மைல் சுற்றளவில் எந்த வீட்டுத் தொட்டி எப்போது நிறையும் என்று அவனுக்குத் தெரியும், ஆனால் யாரிடமும் சொல்லமாட்டான். நல்ல மனிதன். பனிக்காலத்தில் விதவைகள் வீட்டு வாசலில் பனியை அள்ளிவிட்டு, மணி அடிக்காமல் போய்விடுவான். பேச்சு மட்டும் வராது. அவனுக்கு வருகிற பேச்சு மீன்பிடி விதிப் புத்தகம் ஒன்றுதான்.

அதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. நான்தான் உரிமம் விற்கிறவள், ஒரு உரிமத்துக்கு ஒரு டாலர் எனக்கு நிற்கும். ஆனாலும் சந்தேகம் வந்தால் நானே வெர்லினைத்தான் கேட்பேன். பதினாறு வயது ஆகாத பிள்ளைக்கு உரிமம் வேண்டாம், தொண்ணூறு தாண்டிய கிழவருக்கும் வேண்டாம். அறுபது நாள் இங்கே குடியிருந்தால்தான் உள்ளூர்க்காரன் கட்டணம். இல்லாவிட்டால் இருமடங்குக்கு மேல். கோடையில் சிகாகோவிலிருந்து வருகிறவர்கள் இதைக் கேட்டதும் என் முகத்தைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, என்னவோ நானே அச்சடித்து விற்கிற மாதிரி. ஒருவர், "நான் வெளியூர்தான், ஆனா என் படகு வருஷம் பூரா இங்கேயேதானே இருக்கு?" என்று வாதாடினார். காப்பி குடித்துக்கொண்டிருந்த வெர்லின், "அப்ப படகு பேருக்கு ஒண்ணு எடுத்துக்கங்க. கண்ணு என்ன நிறம்னு கேப்பாங்க, பாத்து வெச்சுக்கங்க" என்றான். சிரிக்காமல்தான் சொன்னான்.

ஒரு வருடம் விதிப் புத்தகத்தில் பைக் என்ற ஏரிமீனைப் பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்கிற நீள அளவு ஓர் அங்குலம் தப்பாக அச்சாகியிருந்தது. மாநிலம் முழுக்க யாரும் கவனிக்கவில்லை. வெர்லின் கடிதம் எழுதினான். தப்புதான், நன்றி என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினான். கல்யாணப் போட்டோ அதற்குப் பக்கத்தில், கொஞ்சம் சின்னதாக.

உரிம வருடம் மார்ச் முதல் தேதி பிறக்கும். ஏரி அப்போதும் உறைந்துதான் கிடக்கும். படகு இறக்க மே மாதம் ஆகும். ஆனால் மார்ச் முதல் தேதி காலை ஏழு மணிக்கு வெர்லின் வந்துவிடுவான். முப்பத்துமூன்று வருடமாக முதல் உரிமம் அவனுடையதுதான். கணவன் மனைவி உரிமம், நாற்பது டாலர். வீட்டுக்குப் போய் மார்லிஸிடம் அவளுடைய தாளைக் கொடுப்பான். அவள் பார்த்துவிட்டுப் பைக்குள் வைப்பாள். இருவரும் எல்லா ஞாயிறும் ஏரியில்தான். அவன் பின்னால் மோட்டார் பக்கம், அவள் முன் இருக்கையில்.

2018 நவம்பரில் மார்லிஸ் வீட்டை விட்டுப் போய்விட்டாள். சண்டை எதுவும் இல்லை. ஊருக்குள் ரொட்டிக்கடை மாடியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்தாள். கொண்டுபோனது ஒரு பெட்டித் துணியும் அவளுடைய தூண்டில் பெட்டியும். தூண்டில் பெட்டியையும் கொண்டுபோனாள் என்று கேட்டபிறகுதான் ஊர் விஷயத்தை நம்பியது.

வெர்லின் இளைத்துப் போனான். காப்பிக்கு வருவான், உட்காருவான், கோப்பை ஆறிப்போகும். ஒரு நாள் மட்டும் வாயைத் திறந்தான். "படகுல முன்னால பாரம் இல்லன்னா மூக்கு தூக்கிக்கும் டெல்லா. நேராப் போகாது" என்றான். அவனுக்கு என்ன வேண்டும் என்பதை அவன் அதற்குமேல் வெளிப்படையாகச் சொல்லப்போவதில்லை. மே மாதம் படகு இறங்கும்போது மார்லிஸ் அந்த முன் இருக்கையில் இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

அடுத்த மார்ச் முதல் தேதி. ஆறே முக்காலுக்குக் கடை திறக்கப் போனால் வாசலில் மார்லிஸ் நிற்கிறாள், கம்பளித் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு.

"எனக்கு ஒண்ணு குடு டெல்லா. தனி உரிமம்."

"ஏண்டி, இன்னும் சட்டப்படி நீ அவன் பொண்டாட்டிதானே? ஜோடியா எடுத்தா..."

"அந்தக் கணக்கு எனக்குத் தெரியும். அதுலதான என்னைக் கட்டிக்கிட்டான். தனியா குடு."

கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தட்டினேன். கல்யாண நாளில் எழுதிய பழைய விவரங்கள் அப்படியே வந்தன. வாசித்தேன். "உயரம் அஞ்சடி நாலு. எடை நூத்திப் பதினெட்டு பவுண்டு."

"அத மாத்தாத" என்றாள்.

"கண் நிறம் நீலம்."

"அத மாத்து."

நான் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவளைப் பார்த்தேன். நீலம் இல்லை. பச்சை. நடுவில் பழுப்பாக ஒரு வளையம். ஓட்டுநர் உரிமத்தை எடுத்து நீட்டினாள், அதிலும் பச்சை என்றுதான் இருந்தது. முப்பத்துமூன்று வருடமாக நானும்தான் நீலம் என்று அச்சடித்துக் கொடுத்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

"இத்தன வருஷம் நீ ஒரு வார்த்த சொல்லலியே?"

"நான் ஏன் சொல்லணும்? வருஷா வருஷம் அவனே என் கையில குடுப்பான். ஒவ்வொரு தடவையும், இந்த வருஷமாவது தாளப் பாத்துட்டு, என்னையும் ஒரு தடவ பாத்து, ஐயோ தப்பா இருக்கேன்னு சொல்லுவான்னு பாத்தேன். பைக் மீனு அளவு ஒரு அங்குலம் தப்புன்னு கடுதாசி போட்டவன்தானே?"

இருபத்தைந்து டாலரை எண்ணி வைத்தாள். தாளை வாங்கி, படித்துப் பார்த்து, மடித்துக்கொண்டு போனாள்.

ஏழு மணிக்கு வெர்லின் வந்தான். பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைத் தட்டினான். "வழக்கம்போல" என்றான்.

"முடியாது. அவ எடுத்துட்டா."

"தனியாவா?"

"தனியா."

கொஞ்ச நேரம் கட்டணப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு நின்றான். "அப்ப ரெண்டும் சேத்து அம்பது ஆவுது. பத்து டாலர் நஷ்டம்" என்றான். பிறகு, "மே மாசம் மீன் பிடிக்க ஏரி தெறக்கறது அன்னையர் தின சனி ஞாயிறுல வருது. அந்த ரெண்டு நாள் தாய்மாருக்கு உரிமமே வேண்டாம். விதியில இருக்கு. எங்க பையன் டலூத்துல இருக்கானே, அவனுக்கு அவ தாய்தானே. எதுக்கு இருபத்தஞ்சு குடுத்தா?" என்றான்.

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த இரைமீன் வலையை வாளிக்குள் போட்டேன். தண்ணீர் அவன் சட்டையில் தெறித்தது.

"ஏன்யா வெர்லின், உன் பொண்டாட்டி கண்ணு என்ன நிறம்?"

"நீலம்" என்றான் உடனே.

"இல்ல."

"உரிமத்துல அப்படித்தான் இருக்கு."

"எழுதினது யாரு?"

அவன் தனி உரிமம் ஒன்று வாங்கிக்கொண்டு, வண்டியில் போய் உட்கார்ந்தான். அரை மணி நேரம் வண்டி கிளம்பவில்லை. அச்சுப் பிழையைத் தாங்கமுடியாத மனிதன். அதுவும் அவனே போட்ட பிழை.

அவனை மட்டும் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பக்கத்து ஆட்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. வண்டியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாலையைப் பார்த்துப் பேசுவோம். படகில் தண்ணீரைப் பார்த்துப் பேசுவோம். நேருக்கு நேர் கண்ணைப் பார்க்கிறவர் கண் டாக்டர் ஒருவர்தான், அவருக்கும் காசு கொடுக்கிறோம். வெர்லின் முப்பத்துமூன்று வருடம் பார்த்தது மார்லிஸின் முதுகை. அவளுடைய சிவப்பு மழைக்கோட்டில் எந்த இடத்தில் தையல் விட்டிருக்கிறது என்று கேட்டால் அளவோடு சொல்வான்.

ஏப்ரலில் மூன்று முறை வந்தான். "சும்மா ஒரு எழுத்து மட்டும் சொல்லு டெல்லா. நிறத்தோட முதல் எழுத்து."

"அது அரசாங்க ரகசியம்."

"போட்டோ எல்லாம் எடுத்துப் பாத்தேன். ஒவ்வொண்ணுலயும் கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கா. இல்லன்னா தொப்பி மறைக்குது. இல்லன்னா வெயில்ல கண்ணச் சுருக்கியிருக்கா. மீனு கண்ணு மட்டும் தெளிவா தெரியுது."

"போட்டோவ ஏன்யா பாக்கற? அவ ரொட்டிக்கடை மாடியிலதான் இருக்கா. மலையேறியா போகணும்?"

போனான். ரொட்டிக்கடையில் அவள் எதிரிலேயே உட்கார்ந்து ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு வைத்துச் சுட்ட அப்பம் தின்றானாம். தட்டைப் பார்த்துக்கொண்டே தின்றானாம். கடைக்காரி சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே பதினொன்று, ஏரி திறக்கும் சனிக்கிழமை. விடியும் முன்பே கடை நிறைந்துவிட்டது. இரைமீன் வாளிகளோடு வரிசை வாசல்வரை நின்றது. மார்லிஸ் வரிசையின் நடுவில் இருந்தாள். ஊர்ப் படித்துறையிலிருந்து தூண்டில் போடப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரியும், படகு அவனிடம் அல்லவா இருக்கிறது. வெர்லின் உள்ளே வந்தான். வரிசையின் கடைசிக்குப் போகவில்லை. நேரே வந்து அவள் முன்னால் நின்றான். தொப்பியைக் கழற்றினான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் தலையை நான் பார்த்தது அன்றைக்குத்தான். முடி நிறையப் போயிருந்தது.

அவள் முகத்தைப் பார்த்தான்.

எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. வரிசையில் இருந்தவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அத்தனை பேரும் திடீரென்று மிதவைகளின் விலையைப் படிக்க ஆரம்பித்தார்கள். வெர்லினின் காது சிவந்துவிட்டது. ஆனால் கண்ணை எடுக்கவில்லை.

"பச்ச" என்றான். "உள்ள பழுப்பா ஒரு வளையம் ஓடுது. இடது கண்ணுல கீழ ஒரு புள்ளி இருக்கு."

மார்லிஸ் வாளியைக் கீழே வைத்தாள். "படிவத்துல அவ்வளவு எழுத எடம் கெடையாது" என்றாள். குரல் சரியாக இல்லை.

"கடுதாசி போடறேன்" என்றான் வெர்லின். "அவங்க எடம் விடட்டும்." பிறகு தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னான்: "படகுல முன் சீட்டு துரு பிடிச்சு ஒரே பக்கமா நின்னு போச்சில்ல. கழட்டி எண்ணெ விட்டேன். இப்ப பின்னால பாத்தும் திரும்புது."

"மோட்டாரு நான் ஓட்டுவேன்" என்றாள் மார்லிஸ்.

அவன் யோசித்தான். அந்த மோட்டாரை அவன் சொந்த மகனையே தொடவிட்டதில்லை. "சரி" என்றான்.

அன்று அவர்கள் ஒரு மீனும் பிடிக்கவில்லை. பக்கத்துப் படகுக்காரன் வந்து சொன்னான், மோட்டார் பக்கம் மார்லிஸ், முன் இருக்கையில் வெர்லின், பின்னால் திரும்பி உட்கார்ந்துகொண்டு, எதில் போய் முட்டப்போகிறோம் என்றே தெரியாமல் போய்க்கொண்டிருந்தான் என்று. உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. மார்லிஸ் கோடை முழுக்க ரொட்டிக்கடை மாடியில்தான் இருந்தாள். ஞாயிறு மட்டும் படகு. அக்டோபரில், ஏரி உறைவதற்கு முன்னால், பெட்டியோடும் தூண்டில் பெட்டியோடும் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த வருடம் மார்ச் முதல் தேதி, ஏழு மணிக்கு இருவரும் சேர்ந்து வந்தார்கள். நான் பழக்கத்தில் கணவன் மனைவி உரிமத்தைத் தட்டப்போனேன்.

"தனித்தனியா ரெண்டு குடு" என்றான் வெர்லின்.

"ஒரே வீட்லதானேய்யா இருக்கீங்க? பத்து டாலர் அதிகமாகும்."

"தெரியும்" என்று ஐம்பது டாலரை வைத்தான். நான் அவனை அறிந்த நாளாக ஒரு கட்டணத்தை வாதாடாமல் அவன் கொடுத்தது அதுதான் முதல் தடவை.

இரண்டு தாள்களும் அச்சாகி வந்தன. தன்னுடையதை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். மார்லிஸுடையதைக் கையில் எடுத்துப் படித்தான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான். அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"சரியா இருக்கு" என்று அவளிடம் கொடுத்தான்.