கோவிந்தன் மீசையில் ஜிகினா

குடிக்கிற பானத்தில் ஜிகினா போடலாம் என்பது உங்களுக்குத் தெரியுமா? எனக்கு மூன்று வாரம் முன்பு வரை தெரியாது. தெரியாமலே இருந்திருக்கலாம்...

செல்போனில் ஒரு வீடியோ. ஒரு பெண் கண்ணாடிக் கோப்பையில் எதையோ ஊற்றி, ஒரு சிட்டிகை தூள் போட்டுக் கலக்குகிறாள் — உள்ளே வெள்ளித் துகள்கள் சுழல்கின்றன. பெயர், ஷிம்மர் காக்டெயில். கேக் மேலே தூவுவார்களே, அந்த மாதிரி சாப்பிடக்கூடிய தூள். பார்த்தவுடன் முடிவு செய்துவிட்டேன்: எங்கள் கல்யாண நாள் விருந்துக்கு இதுதான்.

விருந்துக்கு ஓர் உள்நோக்கம் உண்டு. கோவிந்தன் வர வேண்டும்.

கோவிந்தன் பக்கத்து நிலத்துக்காரர். நாங்கள் ஜவ்வாது மலைக்குக் குடிவந்த நாளிலிருந்து, பாம்பு வந்தாலும் பைப் உடைந்தாலும் முதலில் வந்து நிற்பவர். அவர் எங்களுக்கு வேலி கட்டிக் கொடுத்த கதையை — 'ரெண்டே நாள்' என்று சொல்லி இரண்டு மாதம் இழுத்ததை — இதே வாராந்தரப் பத்தியில் கிண்டலாக எழுதினேன். பெயரோடு. நீங்கள்கூடச் சிரித்துக் கடிதம் போட்டீர்கள். போளூர் புளி மண்டியில் யாரோ அதை அவர் முன்னாலேயே சத்தமாகப் படித்திருக்கிறார்கள். "உங்க வூட்ல இனிமே பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன் சார்" என்றவர், ஐந்து மாதமாகக் குடிக்கவில்லை. வழியில் எதிர்ப்பட்டால் என்னை விட்டுவிட்டுத் தன் மாட்டிடம் பேசுவார்.

நேரில் போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்கிறீர்களா? கேட்டிருக்கலாம்தான். அதற்கு வாய் வராதவனுக்குத்தானே ஜிகினா தேவைப்படுகிறது?

தூளை ஆன்லைனில் வாங்கினேன். கூரியர் மலை ஏறாது. போளூருக்குப் பஸ் பிடித்துப் போய் எடுத்து வந்தேன். தீப்பெட்டி அளவு டப்பா. "காக்டெயில்னா சரக்கு ஊத்தணுமே?" என்று கேட்டாள் என் மனைவி வசந்தா. "ஊத்தினா நான் வீட்ல இருக்க மாட்டேன்" என்று பதிலையும் அவளே சொல்லிவிட்டாள். ஆக, சரக்கில்லாத காக்டெயில்.

முதலில் புளிக்கரைசலில் போட்டேன். ஒன்றும் தெரியவில்லை. நெல்லிச் சாற்றில் போட்டேன்; கலங்கலில் காணாமல் போனது. தெளிவான பானத்தில்தான் மின்னும் என்பது பாதி டப்பா காலியான பிறகு புரிந்தது. கடைசியில் வேலியில் பூத்த சங்குப்பூவைக் கொதிக்கவைத்து, வடிகட்டி ஆறவைத்து, தேன், எலுமிச்சை, சோடா சேர்த்தேன். அழகான ஊதா. தூளைப் போட்டுக் கலக்கினால்... அடடா. கலக்குவதை நிறுத்தினால் மட்டும் எல்லாம் அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால் என்ன? கலக்கிக்கொண்டே இருந்தேன்.

ஞாயிறு மதியம் கோவிந்தன் வந்தார். அவர் மனைவி முனியம்மா இழுத்துக்கொண்டு வந்தார் என்பதே சரி. வாய் அகன்ற கோப்பை ஒன்றை நீட்டினேன்.

"இன்னா சார் இது, பயிருக்கு அடிக்கிற மருந்தா?"

"ஜூஸுங்க. குடிச்சுப் பாருங்க."

"நான்தான் தண்ணி வேணாம்னு சொல்லிக்கீறேனே."

"இது தண்ணி மாரியா கீது? வாங்கிக் குடிய்யா" என்றார் முனியம்மா.

சட்டப்படி சரியான வாதம். கோவிந்தன் வாங்கிக்கொண்டார். என் புத்திசாலித்தனம் பல்லிளித்தது இங்கேதான். எங்கள் பக்கம் அடுத்தவர் வீட்டுப் பாத்திரத்தில் வாய்வைத்துக் குடிக்க மாட்டார்கள், அண்ணாந்துதான் குடிப்பார்கள். சொம்பில் அது நடக்கும். தட்டு மாதிரி அகன்ற கோப்பையில் நடக்குமா? அண்ணாந்தார், கவிழ்த்தார் — ஒரு சொட்டு வாயில். மிச்சமெல்லாம் மீசை, தாடை, கழுத்து, விருந்துக்கென்று போட்டுவந்த வெள்ளைச் சட்டை.

மதிய வெயிலில் மனிதர் மின்னினார்.

ஏற்கெனவே ஒரு தடவை எழுத்தில் அவரைக் கேலிப்பொருளாக்கினேன். இப்போது நேரிலேயே ஆக்கிவிட்டேன்.

"கூத்துக்கு வேஷம் கட்டுனாப்புல கீறயே" என்று முனியம்மா சிரித்தார். கோவிந்தன் சிரிக்கவில்லை. மூஞ்சி கழுவத் தண்ணீர் கேட்டார். ஓடிப்போய்ச் சொம்பில் கொண்டுவந்தேன். அதை நீட்டும்போது, ஐந்து மாதமாக வராத வாய் வந்துவிட்டது.

"அன்னைக்கு அப்படி எழுதினது தப்புங்க. மன்னிச்சிடுங்க."

அவர் நிதானமாக முகத்தைக் கழுவினார். "மண்டியில நாலு பேரு சிரிச்சாங்க சார். ரெண்டு மாசம் ஏன் ஆச்சுன்னு யாராச்சும் கேட்டாங்களா? கண்ணமங்கலத்துல என் மச்சான் படுத்த படுக்கையா கெடந்தான். நாள் உட்டு நாள் போய்ட்டு வந்தேன். நீங்களாச்சும் கேட்டீங்களா?"

நான் கேட்கவில்லை. பக்கத்து நிலம். வாராவாரம் ஊரையே கவனித்து எழுதுகிறவன். வெட்கமாக இருந்தது.

சொம்பில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு அண்ணாந்து, ஒரு சொட்டு சிந்தாமல் குடித்து முடித்தார். காலிச் சொம்பை என் கையில் கொடுத்தார்.

"இதையும் எழுதுவீங்கல்ல? எழுதுங்க. பேரும் போடுங்க. ஆனா அனுப்பறதுக்கு முன்ன எனக்குப் படிச்சிக் காட்டணும்."

நேற்று படித்துக் காட்டினேன். பொறுமையாக முழுவதும் கேட்டார். இரண்டு பாராவை மட்டும் எடுக்கச் சொன்னார், எடுத்துவிட்டேன். என்னைப் பற்றி நானே நல்லதாக எழுதியிருந்தது அந்த இரண்டில்தான்.