ரோதைக்காரன் இடக்கை

மதகுப் பலகையைத் தூக்கும் முன் வீரய்யா பீலியில் காதை வைத்துக் கேட்பான். மலையிலிருந்து தண்ணீரைக் கொண்டுவரும் அந்த நீண்ட மரத்தொட்டி பனியில் ஊறிக் கறுத்துக் கிடக்கும். ராத்திரி எப்படிப் போயிற்று என்று உள்ளே நிற்கும் தண்ணீரிடம் விசாரிப்பதுபோல் அவன் கொஞ்ச நேரம் கண்மூடி நிற்பான். பிறகு தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "எந்திரிங்க சாமி, விடிஞ்சிருச்சு" என்பான். அவன் எழுப்புவது தண்ணீரையா, சக்கரத்தையா, சக்கரத்தடியில் சுண்ணாம்பு பூசிய கல்லாக உட்கார்ந்திருக்கும் முனியையா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால், மூன்றும் வேறு வேறா என்பதுபோல் பார்ப்பான்.

மடுல்சீமை மலையில் மேகங்கள் இறங்கி வந்து படுத்துக்கொள்ளும் மடிப்பு ஒன்றில் இருக்கிறது மூங்கிலாற்றுத் தோட்டம். கொழுந்தைத் தூளாக்கும் அதன் தேயிலை ஸ்டோரை ஓட்டுவது இந்தத் தண்ணீர்ச் சக்கரம். தோட்டத்தில் அதற்கு ரோதை என்று பெயர். அதற்குக் காவலாக நிற்கும் சாமிக்கு ரோதைமுனி. ரோதை சுற்றினால் அதில் மாட்டிய தோல்வார்ப் பட்டி சுற்றும். தோல்வார் சுற்றினால் கொழுந்து அரைபடும். கொழுந்து அரைபட்டால் தொழிலாளர் லயத்து அடுப்புகளில் உலை கொதிக்கும். உலகம் இப்படித்தான் நடக்கிறது என்பதில் வீரய்யாவுக்குச் சந்தேகம் கிடையாது. உலை கொதிக்காத வீட்டைப் பார்த்தால், "பட்டி எங்கயோ நழுவிக் கெடக்கு" என்பான்.

பகலெல்லாம் ரோதைக்கு அருகில் நின்று பழகியதால் அவனுக்கு மெல்லப் பேசத் தெரியாது. மனைவி மாரியாயியிடம் அவன் சொல்லும் ரகசியம் லயத்து வீட்டுவரிசையின் கடைசிக் காம்பிரா வரை போய்விட்டுத் திரும்பும். "காலையில ஒங்க வீட்ல கருவாடாமே" என்று வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்களத்தில் பெண்கள் மாரியாயியைக் கேட்பார்கள். அவள் கூடைக்கயிற்றை நெற்றியில் ஏற்றிக்கொண்டு நடந்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை ரோதை நிற்கும். அன்று மலை முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருக்கும். வீரய்யாவுக்குச் சோறு இறங்காது. லயத்து வாசலில் தன் கைக்குழந்தையை இடக்கையில் சாய்த்துக்கொண்டு இங்குமங்கும் நடப்பான். ரோதை எந்த வேகத்தில் சுற்றுமோ அந்த வேகத்தில் குழந்தையை ஆட்டுவான். அதுவும் அதில் தூங்கிவிடும்.

அவனுக்கு வெகுநாளாக ஒரு குறை இருந்தது. கொழுந்தெடுக்கிற பெண்களுக்கு நெற்றியில் கூடைக்கயிறு பதிந்த கோடு இருக்கிறது. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவனுக்கு முழங்கையெல்லாம் கீறல். கங்காணிக்குக் கோட்டும் பிரம்பும். ரோதைக்காரனுக்கு மட்டும் ஒரு அடையாளமும் இல்லை. "நம்மளது தண்ணி வேல. தடம் நிக்காது. செத்து மேல போனா, நீ என்னடா வேல பாத்தேன்னு கேப்பாங்கள்ல? என்னத்தக் காட்டுறது?" என்பான். உடம்போடு எல்லாம் எரிந்துபோகும், பச்சை குத்தியது ஒன்றுதான் கூட வரும் என்று வருஷத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்கு வரும் குறத்தி சொல்லியிருந்தாள். அன்றிலிருந்து வீரய்யா தன் வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினான்.

எதைக் குத்துவது என்பதில்தான் அவன் வருஷங்களைக் கழித்தான். முதலில் முனியின் சூலம் என்று நினைத்தான். சூலத்தைக் கையில் வாங்கினால் கவுச்சியை விடவேண்டும் என்று பூசாரி சொன்னார். வீரய்யா இரண்டு நாள் யோசித்துவிட்டு, "முனியே சேவல் திங்கிறாரு, எனக்கென்ன வந்துச்சு" என்று சூலத்தைத் தள்ளிவைத்தான். கொழுந்து குத்தலாம் என்றார்கள். அது பறிக்கிறவர்களுக்கு உரியது, தனக்குப் பாத்தியதை இல்லை என்றான். பதுளைக்குச் சாமான் வாங்கப் போனபோது கடைக்காரர் ஹுமைத் நானாவிடமும் கேட்டான். அவர் தீப்பெட்டிகளை மேசையில் பரப்பி, அவற்றின் மேலிருந்த சிங்கத்தையும் மயிலையும் காட்டினார்.

"பண்டாரவளை வரைக்கும் ரயில் வந்திட்டு. ரயிலக் குத்துங்களே" என்றார். "எங்கட மார்க்கத்துல மேல்ல பச்ச குத்த ஏலாது. யோசன சொல்லக் கூடாதெண்டு ஒருத்தரும் சொல்லல்ல."

"ரயிலு நெருப்பத் தின்னுட்டு ஓடுது நானா. நம்மாளு தண்ணி மட்டும்தான் குடிப்பாரு."

"அப்ப அவரையே குத்துங்க" என்று நானா தீப்பெட்டிகளை அடுக்கினார்.

வீரய்யாவுக்கும் அதுதான் ஆசை. சோற்றுத்தட்டில் ரசத்தைத் தொட்டு வட்டம் போடுவான். அடுப்புச் சாம்பலில் விரலால் ரோதையை வரைவான். நடுவில் அச்சு, அச்சிலிருந்து ஆரக்கால்கள், சுற்றிலும் தண்ணீர் வாங்கும் பலகைகள். மாரியாயி துடைப்பத்தோடு வருவாள். ஒன்றும் சொல்லாமல் கூட்டித் தள்ளுவாள்.

அவள் ஒன்றும் சொல்லாததற்குக் காரணம் தோட்டம் முழுக்கத் தெரியும். வீரய்யாவுக்கு முன்னால் ரோதைக்காரனாக இருந்தவன் ரெங்கசாமி, மாரியாயிக்கு உடன்பிறந்த அண்ணன். ஓர் ஐப்பசி அடைமழையில் மரக்கிளை ஒன்று வந்து ரோதையில் சிக்கியது. ரெங்கசாமி மதகை அடைத்துவிட்டு, கிளையை எடுக்கக் கீழே இறங்கினான். மேலே வெள்ளம் மதகையும் தாண்டி வந்தது. ரோதை அரைச் சுற்றுத்தான் சுற்றியது. ஒரு பலகை முறிந்தது. ரெங்கசாமி எழுந்திருக்கவில்லை. அந்த வருஷம் முனிக்குச் சேவல் அறுக்கத் தவறிவிட்டார்கள், முனி தானே எடுத்துக்கொண்டது என்று பேசிக்கொண்டார்கள். தச்சன் வந்து முறிந்த இடத்தில் பலாப்பலகை ஒன்றை வைத்துத் தைத்தான். ரோதைக்கு ஆள் வேண்டியிருந்தது. கவ்வாத்தில் இருந்த வீரய்யாவைக் கூப்பிட்டார்கள், அவன் போனான். அன்று மாரியாயி அடுப்பு மூட்டவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் அவள் ஸ்டோர்ப் பக்கத்து வழியில் நடந்ததில்லை. கொழுந்து நிறுக்கப் போகும்போதுகூட மேற்பாதையில் சுற்றிக்கொண்டு போவாள்.

வீரய்யா ரோதையைத்தான் குத்திக்கொள்ளப் போகிறான் என்று தெரிந்த நாளில் அவள் வாய் திறந்தாள்.

"அத கையில வாங்கிட்டு எம்பக்கத்துல வராதீங்க. அந்தக் கை நாளைக்குப் பொறக்கிற எம்புள்ளயத் தொடக்கூடாது. நானும் தொடமாட்டேன்."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் அவன் சிரித்து மழுப்பியிருப்பான். அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள். தண்ணீரை வடித்துவிட்டு உலையில் போட்டாள். அந்த வருஷம் குறத்தி வந்து போனாள். வீரய்யா கையை நீட்டவில்லை. அடுத்த வருஷமும் அப்படியே. ஆனால் காலையில் பீலியில் காதை வைத்து நிற்கும் நேரம் மட்டும் நீண்டுகொண்டே வந்தது.

இந்தத் தை கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை அவன் குறத்தியைக் கூப்பிட்டு வாசலில் உட்காரவைத்தான். பனி விலகி, எதிர்மலை கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போல் தெரிந்தது. ரோதை நின்றிருந்தது. குறத்தி தன் மூட்டையைப் பிரித்து, ஒன்றாய்ச் சேர்த்துக் கட்டிய ஊசிகளை எடுத்தாள். அகத்திக்கீரையைக் கருக்கி இடித்த கரியைச் சிரட்டையில் கொட்டினாள்.

"தேளு போடவா சாமி? சீத தொட்டிலு போடவா?"

"ரோத."

"தேர்ச் சக்கரமா, வண்டிச் சக்கரமா?"

"நீ ஸ்டோர்ப் பக்கம் வரும்போது பாத்திருப்பியே. மேல தண்ணி விழும், அது."

"ஆத்தாடி, அந்த ராட்சசனா" என்று குறத்தி அவன் முழங்கையைப் பிடித்துத் தோலை இழுத்துப் பார்த்தாள். "போடலாம். இந்தக் கரியக் கொழைக்கத் தாய்ப்பாலு வேணும். பசும்பாலு ஆகாது. தாய்ப்பாலுல கொழைச்சாத்தான் நெறம் பிடிக்கும்."

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் மாரியாயியைப் பார்த்தார்கள். அவள் காம்பிரா வாசற்படியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்க பாலு இல்ல" என்றாள். குழந்தையின் கடைவாயில் பால் வழிந்துகொண்டிருந்தது.

அடுத்த காம்பிரா இராக்கம்மா சமாதானத்துக்கு வந்தாள். "எங்க மருமகளுக்கு ஊறிக் கட்டிக்கிட்டு நிக்கிது. ஒரு சங்கு வாங்கியாறேன், இரு வீரய்யா."

"வேணாம் அக்கா. வேற வீட்டுப் பாலு வேணாம்."

"பாலு இல்லாம நான் என்ன செய்யட்டும்?" என்றாள் குறத்தி. "நான் பொழுதோட பசறைக்கு எறங்கணும்."

"மொதல்ல வரைஞ்சு காட்டு. வரையப் பாலு வேணாமே."

அவள் கரிக்குச்சியை எடுத்து அவன் இடக்கையில் வரைந்தாள். வட்டம் வந்தது. அச்சு வந்தது, கால்கள் வந்தன. சுற்றிலும் ஒவ்வொரு பலகையாகக் கோடு இழுத்தாள். தண்ணீர் விழாத அந்தச் சின்ன ரோதையை வீரய்யா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வலக்கை விரலை எச்சிலில் நனைத்து, ஒரே ஒரு பலகையை அழித்தான்.

"ஏஞ்சாமி? பல்லு போன வாயி மாதிரி இருக்கும்."

வீரய்யா அவள் காதருகே குனிந்தான். தான் மெல்லத்தான் பேசுகிறோம் என்று அவன் நினைத்திருக்கவேண்டும். ரோதை நின்ற நாள் அது; மலையில் ஒரு இலைகூட அசையவில்லை. அவன் சொன்னது லயம் முழுவதும் கேட்டது.

"அது எங்க ரெங்கசாமி மச்சான் எடம். அதக் குத்தாத. அது வெறுந்தோலா இருக்கட்டும்."

இராக்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எல்லாரும் தன்னைப் பார்ப்பதை வீரய்யா கவனிக்கவில்லை; குறத்திக்கு விளங்கவைப்பதிலேயே இருந்தான்.

"மத்த பலகையெல்லாம் வேற மரம். மச்சான் விழுந்த எடத்துல பலாப்பலக. அதுக்குத் தனிச் சத்தம். சளப்பு, சளப்பு, சளப்புன்னு வரும், அது வந்தா மட்டும் தொம்முனு கேக்கும். ஒவ்வொரு சுத்துக்கும் நான் சொல்லுவேன், வாங்க மச்சான்னு. போவாரு. சுத்திட்டுத் திரும்ப வருவாரு. சாமியில்ல அது. சாமி கீழ கல்லுல இருக்கு. நான் தண்ணி தொறக்கிறது மச்சானுக்குத்தான்."

"என்ன சத்தம்னீங்க?"

கேட்டது மாரியாயி.

வீரய்யா திரும்பினான். இத்தனை பேருக்கு நடுவில் அவள் தன்னிடம் ரோதையைப் பற்றிக் கேட்டது இதுதான் முதல் தடவை. கையால் தொடையில் தட்டிக் காட்டினான். மெல்ல மெல்ல, ஒரே சீராக. பிறகு ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கையைக் குவித்து அழுத்தமாக.

மாரியாயி குழந்தையின் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "மேமலையில கொழுந்தெடுக்கையில அது எனக்குக் கேக்கும்" என்றாள். "அங்குட்டு எங்கயோ மரம் வெட்டுறாங்கன்னு நெனச்சிருந்தேன். ஒரு நாளு கேக்காட்டி கை ஓடாது."

அவள் எழுந்து குழந்தையை இராக்கம்மா தோளில் சாய்த்தாள். குறத்தியின் முன்னாலிருந்த கரிச் சிரட்டையை எடுத்துக்கொண்டு காம்பிராவுக்குள் போனாள். வாசலில் தொங்கிய பழஞ்சேலை விழுந்து மூடியது. வெளியே எல்லாரும் எங்கெங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். சேலை மறுபடி விலகியபோது சிரட்டையில் கரி ஈரமாகி, மழைக்கு முந்திய மேகத்தின் நிறத்தில் இருந்தது. அவள் அதைக் குறத்தியிடம் கொடுக்கவில்லை. வீரய்யாவின் இடக்கைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள்.

குறத்தி குச்சியால் குழைத்தாள். வலி தெரியாமல் இருக்க வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டை முனகிக்கொண்டு குத்தத் தொடங்கினாள். வட்டத்தின் மேல் ரத்தமும் கரியும் பொடிப்பொடியாகப் பூத்தன. வீரய்யா கண்ணை மூடிக்கொண்டான். பீலியில் காதை வைத்து நிற்கும்போது இருக்கும் முகம் வந்தது. அச்சு முடிந்தது. கால்கள் முடிந்தன. வெயில் வாசலைத் தாண்டி லயத்துச் சுவரில் ஏறியது. இராக்கம்மா தோளில் குழந்தை தூங்கிப்போனது.

குறத்தி பலகைகளைக் குத்திக்கொண்டே சுற்றி வந்தாள். ஊசி பழகிய கை. ஒன்று முடிந்தால் அடுத்தது, அது முடிந்தால் அதற்கடுத்தது. வெறுமையான இடம் வந்ததும் நிற்கவேண்டும் என்பதை அவள் கை மறந்திருந்தது. கரியைத் தொட்டு ஊசியைத் தூக்கிவிட்டாள்.

தூக்கிய ஊசி அப்படியே நின்றது. வீரய்யாவின் கையில் அந்த ஒரு பலகை அளவு தோலின் மேல், மாரியாயி தன் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டிருந்தாள்.